கிளவுட் அறிமுகப் பாடம்: ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் போதுமா?

ஆகஸ்ட் 4, மாலை – கேள்வி

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் கிளவுட் கம்ப்யூட்டிங் (வேறு நிறுவனத்தின் கணினிகளை நெட்வொர்க் வழியாக வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது) அறிமுகப் பாடம் வந்திருக்கிறது. முதல் அலகு முழுக்க வரையறைகள்: ஐந்து பண்புகள், மூன்று சேவை வகைகள், நான்கு அமைப்பு வகைகள். மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு கிளவுட் நிறுவனத்தின் கன்சோலை, அதாவது நிர்வாகப் பக்கத்தை, திறந்து, கையேட்டில் உள்ளபடி பொத்தான்களை அழுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினால் மதிப்பெண் தருகிறார்கள். இது பாடமே இல்லை, விற்பனைப் பயிற்சி என்பது என் கட்சி. இந்த நேரத்தில் அந்த நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வையே எழுதிவிடலாம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஆகஸ்ட் 4, இரவு

பாதி மறுக்கிறேன். பகலில் சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. சில மாலைகளில் இதே பாடத்தை ஒரு கல்லூரியில் எடுக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. பொத்தான் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொடுப்பது கல்வியில் சேராது. அடுத்த ஆண்டு பொத்தானை இடம் மாற்றிவிடுவார்கள்.

வரையறை விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். அந்த ஐந்து–மூன்று–நான்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொன்னார்களா? அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 என்ற ஆவணம் அது. எழுதியவர்கள் பீட்டர் மெல், டிமோத்தி கிரான்ஸ். வரையறைப் பகுதி இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். பாடப்புத்தகங்கள் அதை நாற்பது பக்கமாக ஊதிப் பெருக்கியிருக்கின்றன. மூலத்தையே படியுங்கள், நேரம் மிஞ்சும்.

படித்தபின் மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்த ஐந்து பண்புகளையும் ஐந்து கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் நானே எடுத்துக்கொள்ள முடிகிறதா? நெட்வொர்க் வழியாக எந்தக் கருவியிலிருந்தும் அணுக முடிகிறதா? பலருக்கும் பொதுவான வளத்திலிருந்து எனக்குப் பங்கு கிடைக்கிறதா? தேவைக்கேற்ப வேகமாக விரிந்து சுருங்குகிறதா? பயன்படுத்தியது அளக்கப்படுகிறதா? இந்தக் கேள்விகளோடு உங்கள் கல்லூரி சர்வர் அறைக்குப் போங்கள். விண்ணப்பம் எழுதி, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, சில நாள் காத்திருந்தால் ஒரு மெய்நிகர் இயந்திரம் (உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினி) கிடைக்கும் என்றால் முதல் கேள்வியிலேயே அது தோற்றுவிட்டது. மெய்நிகராக்கம் இருக்கிறது, கிளவுட் இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்தால் முதல் அலகு முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 5, காலை

நான்கு அமைப்பு வகைகள் பற்றிக் கேட்டவருக்கு: பொது (யாரும் வாடகைக்கு எடுப்பது), தனியார் (ஒரே நிறுவனத்துக்கானது), கலப்பு ஆகிய மூன்றையும் வேலையில் தினமும் சந்திப்பீர்கள். ஒரே வகைத் தேவையுள்ள சில நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் சமூக கிளவுட் என்ற நான்காவதைப் பெரும்பாலும் தேர்வுத்தாளில்தான் சந்திப்பீர்கள். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

ஆகஸ்ட் 5, இரவு

"வரலாறு எதற்கு, நேராக வேலைக்கு வாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரலாறு இல்லாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது: கிளவுட் ஏன் 2006இல் வந்தது, ஏன் அதற்கு முன்பு வரவில்லை?

யோசனை பழையது. 1961இல் எம்ஐடியின் நூற்றாண்டு விழாவில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, கணிப்புத் திறனும் ஒருநாள் தொலைபேசியைப் போலப் பொதுச் சேவையாக அமையலாம் என்று பேசினார். 1960களின் பிற்பகுதியிலேயே ஐபிஎம்மின் சிபி-67 என்ற மென்பொருள் ஒரே பெருங்கணினியைப் பல கணினிகளாகக் காட்டியது. 1972இல் அதன் வாரிசான விஎம்/370 வந்தது. 1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணினியை ஒழுங்காக மெய்நிகராக்க என்ன நிபந்தனை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நிபந்தனையின் சாரம் இதுதான்: இயந்திரத்தின் நிலையைத் தொடும் எந்தக் கட்டளையையும் சாதாரண நிரல் ஒன்று இயக்க முயன்றால், செயலி உடனே நிறுத்தி, மெய்நிகர் இயந்திரங்களை மேலிருந்து நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசரிடம் புகார் சொல்ல வேண்டும்.

உலகம் சாதாரணக் கணினிகளில் இருக்கும் மலிவான எக்ஸ்86 செயலிகளுக்கு மாறியபோது அந்த நிபந்தனை உடைந்தது. பாப்எஃப் என்ற கட்டளையைப் பாருங்கள். சாதாரண நிரல் ஒன்று அதைக் கொண்டு குறுக்கீடுகளை (செயலியை இடைமறிக்கும் அழைப்புகளை) அணைக்க முயன்றால், செயலி புகாரும் சொல்லாது, அணைக்கவும் செய்யாது, பேசாமல் கடந்துபோய்விடும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் விருந்தாளி இயங்குதளம் அணைத்துவிட்டதாக நம்பும். மேலே இருக்கும் ஹைப்பர்வைசருக்கு எதுவும் தெரியாது. இப்படிப் பதினேழு கட்டளைகள் இருந்தன.

இதைக் கடக்க இரண்டு வழிகள் வந்தன. 1998இல் தொடங்கிய விஎம்வேர், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மொழிமாற்றி எழுதியது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸென் என்ற ஹைப்பர்வைசர், விருந்தாளி இயங்குதளத்தையே திருத்தியது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே தீர்வைக் கொண்டுவந்தன. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 சேமிப்பையும், ஆகஸ்டில் இசி2 என்ற வாடகை இயந்திரங்களையும் வெளியிட்டது. இசி2 ஓடியது ஸென் மீதுதான். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், காரணம் தானாகத் தெரியும்: மலிவான கணினியைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க வழி கிடைத்தபின்தான் வாடகைக் கடை திறந்தது. இதை வகுப்பில் சொல்ல ஒரு மணி நேரம் போதும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட பாப்எஃப் கதைக்கு எழுந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, காலை

"இப்போது எல்லாம் கன்டெய்னர், ஹைப்பர்வைசர் எதற்கு?" என்ற கேள்வி. எதிர்பார்த்ததுதான்.

கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், கிடையாது. சாதாரண பிராசஸ்தான், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அது எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் கட்டுப்படுத்துகிறது, எவ்வளவு உண்ணலாம் என்பதை சிகுரூப் கட்டுப்படுத்துகிறது. முதல் நேம்ஸ்பேஸ் 2002இல் வந்தது, சிகுரூப் 2008இல். ஒரு பிராசஸை ஒரே கோப்புறைக்குள் அடைக்கும் சிஎச்ரூட், 1979இன் யூனிக்ஸில் இருந்தது, இவற்றுக்கு மூத்த உறவு. 2013இல் டாக்கர் என்ற கருவி வந்து, இவற்றைச் சாதாரண மனிதர் கையாளும் வடிவத்தில் கட்டிக் கொடுத்தது. அதன் பெரிய சாதனை படிமம், அதாவது ஒரு நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக்கி எங்கும் அனுப்பும் வழக்கம்.

என் ஆய்வகத்தில் டாக்கரைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் தடை. ஒரு பிராசஸுக்குத் தனி நேம்ஸ்பேஸ் தரும் அன்ஷேர் கட்டளையையும் சிஎச்ரூட்டையும் வைத்து, கையால் ஒரு கன்டெய்னரைச் செய்ய வேண்டும். உள்ளே போய்ப் பிராசஸ் பட்டியலைக் கேட்டால் தன் ஷெல்தான் எண் 1 என்று காட்டும். வெளியே வேறொரு டெர்மினலில் பார்த்தால் அதே பிராசஸ் ஐந்து இலக்க எண்ணோடு மற்றவற்றுக்கு நடுவே நிற்கும். அந்தக் கணத்தில் மாணவர் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கிறேன் என்று சொல்லலாம்.

இனி உங்கள் கேள்விக்கு. ஓர் இயந்திரத்தில் உள்ள எல்லாக் கன்டெய்னரும் ஒரே கெர்னலைப் பகிர்கின்றன. அதில் ஒரு ஓட்டை விழுந்தால் எல்லோர் வீட்டுக்கும் வழி திறந்துவிடும். முகம் தெரியாத வாடிக்கையாளர்களை அருகருகே வைக்கும் நிறுவனத்துக்கு இது போதாது. அதனால் அமேசான் 2018இல் சின்னஞ்சிறு மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஃபயர்கிராக்கர் என்ற மென்பொருளை வெளியிட்டது. காலம் முடிந்தது என்று ஒதுக்கிய ஹைப்பர்வைசர் கன்டெய்னருக்கு அடியில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகஸ்ட் 7, மதியம்

ஏராளமான கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸை முதல் பாடத்திலேயே சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: சேர்க்கலாம், மாணவர்கள் இந்தத் துறையை விட்டே ஓட வேண்டும் என்பது நோக்கமானால்.

ஆகஸ்ட் 9

இந்தப் பாடத்தின் நடுநாயகம் பில். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள், "கட்டண முறைகள்" என்று. மற்ற எந்தக் கணினிப் பாடத்திலும் மாணவர் எழுதும் நிரலுக்குக் காசுக் கணக்கு வருவதில்லை. இதில் வருகிறது. அதனால் நிரல் எழுதும் முறையே மாறுகிறது. இதைக் கற்றுத்தராத கிளவுட் பாடம் வெறும் லினக்ஸ் பாடம்.

ஒரு குழு தன் ஆய்வகப் பணியை முடித்து இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. "சார், நிறுத்திவிட்டோமே!" என்றார்கள். நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. நிறுத்தினால் செயலிக்கான கட்டணம்தான் நிற்கும். அதோடு இணைந்த வட்டு அப்படியே இருக்கும், அதற்கு வாடகை உண்டு. அவர்கள் வைத்திருந்த லோட் பேலன்ஸர் (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) யாருக்காகவோ விழித்துக் காத்திருந்தது, அதற்கும் மணிக்கணக்கு. பொது ஐபி முகவரி இலவசம் என்று பழைய கையேட்டில் இருந்ததை நம்பியிருந்தார்கள். அமேசானில் 2024 பிப்ரவரி முதல், பயன்பாட்டில் இருக்கும் பொது ஐபிவி4 முகவரிக்கும் கட்டணம் உண்டு. திட்டு வாங்கப்போகிறோம் என்று நின்றார்கள். அந்தக் குழுவுக்குத்தான் அந்தப் பணியில் அதிக மதிப்பெண் கொடுத்தேன், ஏனென்றால் எது எதற்காக எவ்வளவு ஏறியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருந்தார்கள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த ஆய்வகப் பணிக்கும் முதலில் மதிப்பீடு எழுத வேண்டும்: என்னென்ன இயங்கும், எத்தனை மணி நேரம், எவ்வளவு தரவு வெளியே போகும். முடிந்தபின் உண்மையான பில்லை அதன் அருகில் ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதுதான் அறிக்கை. ஸ்கிரீன்ஷாட்டுக்கு இங்கே இடம் உண்டு, ஒன்றே ஒன்று, பில்லின் படம்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: எச்சரிக்கை மணி அடிக்கும், வண்டியை நிறுத்தாது. அதுவும் பயன்பாட்டுக் கணக்கு பல மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேரும். இரவு தூங்கப் போகும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

ஆகஸ்ட் 9, சற்றுப் பின்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: "ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை தொடங்கி நிறுத்தினால் மூன்று மணி நேரக் கட்டணம்" என்று சில புத்தகங்களில் இருக்கும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2017 அக்டோபரிலிருந்து இசி2வில் லினக்ஸ் இயந்திரங்களுக்கு நொடிக்கணக்கு வந்துவிட்டது. புத்தகம் எந்த ஆண்டில் அச்சானது என்று பார்க்காமல் கட்டணப் பகுதியைப் படிக்காதீர்கள்.

ஆகஸ்ட் 10

நேற்று பில்லைப் பற்றி ஆவேசமாக எழுதியதற்கு ஒருவர் நல்ல குட்டு வைத்திருக்கிறார்: "கடன் அட்டை இல்லாத மாணவர் என்ன செய்வார்? இலவசக் கணக்கு திறக்கவே அட்டை கேட்கிறார்களே." சரியான கேள்வி. மாணவரின் சொந்த அட்டையை வைத்துப் பாடம் நடத்துவது அநியாயம். கல்லூரியே கணக்கு எடுத்து, மாணவர்களுக்குக் குறைந்த உரிமைகளோடு பயனர் பெயர்கள் கொடுக்க வேண்டும். பெரிய இயந்திரங்களைத் தொடங்கவே முடியாதபடி பூட்ட வேண்டும்.

அதுவும் முடியாத கல்லூரிகளுக்கு? ஒரு மடிக்கணினியும் லினக்ஸும் இருந்தால் பாதிப் பாடத்தை நடத்திவிடலாம். கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் வசதி 2007 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. மெய்நிகர் இயந்திரம், கன்டெய்னர், நெட்வொர்க் பிரிப்பு, லோட் பேலன்ஸர் எல்லாம் காசில்லாமல் நடக்கும். நடக்காதவை மூன்று: விரிவடைதல், பில், அடுத்தவர் வீட்டுத் தீ. மூன்றாவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 12

எழுதுகிறேன் என்று சொன்னது. செயலிழப்பு.

99.9 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று விளம்பரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட நூறு என்று மனம் வாசித்துவிடுகிறது. கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் 8.76 மணி நேரம். இன்னொரு 9 சேர்த்தால் 53 நிமிடம், மேலும் ஒன்று சேர்த்தால் 5 நிமிடம் சொச்சம். இனி உங்கள் நிரல் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சேவைகளை நம்பியிருக்கிறது, ஒவ்வொன்றும் 99.9, அவை தனித்தனியாக விழுகின்றன என்று வையுங்கள். ஐந்தையும் பெருக்கினால் 99.5தான் மிஞ்சும். ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம் உங்கள் நிரல் படுத்திருக்கும், யாரும் ஒப்பந்தத்தை மீறாமலே.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: எஸ்3 பதினொரு ஒன்பதுகளை (99.999999999 சதவீதம்) வாக்களிக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தரவு தொலையாது என்பதற்கான எண். கேட்டவுடன் கிடைக்கும் என்பதற்கான எண் அதைவிட மிகக் குறைவு. பெட்டகம் பத்திரமாக இருப்பதும் வங்கி திறந்திருப்பதும் ஒன்றல்ல.

2017 பிப்ரவரி 28 அன்று நடந்ததை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் எஸ்3யின் பில்லிங் பகுதி மெதுவாக இருந்தது. அதைச் சரிபார்க்க ஓர் ஊழியர் சில சர்வர்களை விலக்கும் கட்டளையைக் கொடுத்தார். உள்ளீடு ஒன்று தவறாகப் போய், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகின. அடிப்படையான துணை அமைப்புகளையே முழுதாக மறுதொடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. சுமார் 4 மணி நேரம் இணையத்தில் ஏராளமான தளங்கள் தள்ளாடின. இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சேவைகளின் நலத்தைக் காட்டும் அமேசானுடைய பக்கத்தையே புதுப்பிக்க முடியவில்லை, ஏனென்றால் அதன் நிர்வாகமும் எஸ்3யை நம்பியிருந்தது. பிறகு வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் அந்த ஊழியரைச் சாடவில்லை. ஒரே வீச்சில் அவ்வளவு சர்வர்களை விலக்க அனுமதித்த கருவியைத் திருத்தினார்கள். மாணவர்கள் கற்க வேண்டியது அந்தப் பத்தியை.

அடுத்தது 2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. யாருக்கும் காயமில்லை. காப்புப்பிரதி வைத்திருந்த வாடிக்கையாளர்களிலும் சிலர் தரவை இழந்தார்கள், பிரதியும் அதே வளாகத்தில் இருந்ததால். இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் திட்டப்பணியின் பிரதி எங்கே இருக்கிறது?" என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். அப்போதே மடிக்கணினியைத் திறப்பவர்களும் உண்டு.

ஆகஸ்ட் 12, இரவு

செயலிழப்புக்கு ஆய்வகப் பணி என்ன என்று கேட்டார்கள். நெட்ஃப்ளிக்ஸ் தன் இயந்திரங்களை வேண்டுமென்றே, எது என்று பார்க்காமல் கொல்லும் கேயாஸ் மங்கி நிரலை 2012இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நமக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு வலைச் சர்வர்கள், முன்னால் ஒரு லோட் பேலன்ஸர். பக்கத்துக் குழு சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒன்றை அணைக்கும். எத்தனை கோரிக்கைகள் தோற்றன, எவ்வளவு நேரத்தில் மீண்டது என்று எழுத வேண்டும். பக்கத்துக் குழு இந்த வேலையை மிகுந்த உற்சாகத்தோடு செய்கிறது.

ஆகஸ்ட் 13

கேப் தேற்றம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் இருவர் "மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடு" என்று முக்கோணப் படத்தோடு. பல கணினிகளில் பரவிய தரவுக்கு எல்லா இடத்திலும் ஒரே பதில், எப்போதும் பதில், நெட்வொர்க் துண்டானாலும் இயங்குவது ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்காது என்பது அந்தத் தேற்றம். கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்தது, கில்பர்ட்டும் லின்ச்சும் 2002இல் நிரூபித்தது. அந்த முக்கோணம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று 2012இல் புரூவரே எழுதினார். நெட்வொர்க் துண்டாவது நாம் தேர்ந்தெடுக்கும் விஷயமா? கேபிள் அறுந்தால் அறுந்ததுதான். அறுந்த நேரத்தில் பழைய பதிலைக் கொடுப்பதா, பதிலே கொடுக்காமல் இருப்பதா என்பதுதான் கேள்வி. கடையின் சரக்கு இருப்பைக் காட்டும் பக்கம் முதலாவதைத் தேர்ந்தெடுக்கும், பணம் மாற்றும் பக்கம் இரண்டாவதை. முதல் பாடத்துக்கு இதற்குமேல் வேண்டாம்.

ஒரு திருத்தம். மேலே ஒருவர் ஒட்டியிருக்கும் பாடக்குறிப்பில், எஸ்3யில் ஒரு கோப்பை மாற்றி எழுதியவுடன் படித்தால் பழையது வரலாம் என்று இருக்கிறது. 2020 டிசம்பரிலிருந்து அப்படியில்லை. எழுதி முடிந்தபின் படித்தால் புதியதே வரும். அந்தக் குறிப்பைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் தேதி போட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 16

தூரம். யாருமே கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பாடத்திட்டத்தில் இது இல்லை.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். இதை எந்த நிறுவனமும் காசு வாங்கிக்கொண்டு குறைத்துத் தர முடியாது. ஒரு மாணவி வலைச் சர்வரை அருகிலும், தரவுத்தளத்தை விலை குறைவு என்று வேறு கண்டத்திலும் வைத்திருந்தார். ஒரு பக்கம் திறக்க ஐம்பது வினவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிநொடி என்றால் 5 நொடி. "சர்வர் மெதுவாக இருக்கிறது, பெரிய இயந்திரமாக எடுக்கலாமா?" என்று கேட்டார். செயலி பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை வரைபடத்தில் காட்டினேன். ஐம்பது வினவல்களை இரண்டாகக் குறைத்தார். இடம் மாற்றாமலே தீர்ந்தது.

ஆகஸ்ட் 17

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டடம், மின்சாரம், வன்பொருள், ஹைப்பர்வைசர் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. தரவு, சாவி (சேவைகளைத் திறக்கும் ரகசிய எழுத்துத்தொடர்), அனுமதி, யாருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது உங்கள் பொறுப்பு. பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டாம் பக்கத்தில் நடக்கின்றன. அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் 2019இல் வெளிப்பட்ட கசிவு நல்ல பாடம். தவறாக அமைத்த ஒரு வலைத் தடுப்பு வழியாக, இயந்திரம் தன்னைப் பற்றித் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் 169.254.169.254 என்ற முகவரியை வெளியாள் கேட்க முடிந்தது. அங்கிருந்து தற்காலிகச் சாவி கிடைத்தது. அந்தச் சாவிக்குத் தேவைக்கு அதிகமான உரிமை இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடி, கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. தொழில்நுட்பத்தைவிட அந்தக் கடைசிப் படிதான் முக்கியம்: உரிமை குறைவாக இருந்திருந்தால் கதை சின்னதாக முடிந்திருக்கும்.

மாணவர்களுக்கு: சாவியை நிரலுக்குள் எழுதி, எல்லோரும் பார்க்கும் பொது நிரல் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். அதைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. உங்கள் பேராசிரியர் பார்ப்பதற்குள் அவை பார்த்துவிடும்.

ஆகஸ்ட் 20

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, "சான்றிதழ் பற்றி இன்னும் பதில் சொல்லவில்லையே" என்கிறார். தள்ளிப்போட்டதற்குக் காரணம், இதில் என் எண்ணம் கொஞ்சம் அசைந்திருக்கிறது.

முன்பெல்லாம் சான்றிதழ் என்றாலே முகம் சுளிப்பேன். அது பொருட்களின் பெயர்ப் பட்டியலைச் சோதிக்கிறது என்பது இன்றும் என் கருத்து. ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் உட்கார்ந்தபின் ஒன்று தெரிந்தது. சான்றிதழுக்குப் படித்தவர்களுக்கு என்னென்ன இருக்கிறது என்ற பரப்பு தெரிகிறது. கல்லூரிப் பாடம் மட்டும் படித்தவர்களோ, நிரல்களுக்கு இடையே செய்திகளை வரிசையில் வைத்துக் கடத்தும் செய்திவரிசை என்று ஒரு சேவை இருப்பதே தெரியாமல், அதைத் தாங்களே தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால் இப்போது சொல்வது: எழுதுங்கள், இந்தப் பாடம் முடிந்தபின். முன்பே எழுதினால் பெயர்கள் மனதில் நிற்கும், அவற்றுக்கு அடியில் ஒன்றும் இருக்காது.

மற்றொரு மறுயோசனையும் இருக்கிறது. மெக்கார்த்தியின் பொதுச் சேவை உவமையை மேலே புகழாகவே எழுதிவிட்டுப் போனேன். அது பாதி தூரம்தான் வரும். தொலைபேசியோ மின்சாரமோ நீங்கள் பயன்படுத்தியதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. கிளவுடில் உங்கள் தரவு அங்கேயே தங்கிவிடுகிறது. உள்ளே கொண்டுவரப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுத்துப்போகக் கட்டணம் உண்டு. முழுதாக விலகிப்போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தை 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் நீக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2027 ஜனவரியிலிருந்து மாறுவதற்கான கட்டணத்தையே தடைசெய்கிறது. அன்றாடம் வெளியே போகும் தரவுக்கு இன்றும் மீட்டர் ஓடுகிறது. எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும், "நாளை இதை விட்டுப் போக என்ன செலவு?" என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். பெரும்பாலோர் அந்த வரியை வெறுமையாக விடுகிறார்கள், அதுவே ஒரு பதில்தான்.

ஆகஸ்ட் 21

"அப்படியானால் சொந்த சர்வரே மலிவா?" என்று உடனே ஒரு கேள்வி. வேலையின் வடிவத்தைப் பொறுத்தது. 2009 பிப்ரவரியில் பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை இதை அழகாகச் சொன்னது: ஆயிரம் சர்வர்களை ஒரு மணி நேரம் எடுத்தாலும், ஒரு சர்வரை ஆயிரம் மணி நேரம் எடுத்தாலும் செலவு ஒன்றே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் கூட்டம் வரும் தளத்துக்கு இது வரம். எப்போதும் ஒரே அளவில் ஓடும் பெரிய வேலைக்கு இதனால் லாபம் இல்லை. கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம், தன் பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்த அமைப்புக்கு நகர்த்தி 2016இல் அறிவித்தது அதனால்தான். ஆனால் அதற்கு வேண்டிய ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். வட்டு கெட்டால் நள்ளிரவில் எழுந்து போக ஒருவர் வேண்டும் என்பதை ஒப்பீட்டுப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. அந்த ஒருவராக இருந்திருக்கிறேன், ஆகவே எழுதச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 24

சர்வர்லெஸ் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று ஒரு பதிவு. 2014 நவம்பரில் அமேசானின் சர்வர்லெஸ் சேவையான லாம்டா அறிவிக்கப்பட்டதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபங்ஷனை எழுதிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது நல்ல ஏற்பாடுதான். அது ஓடுவது நான் ஆகஸ்ட் 7இல் சொன்ன அதே ஃபயர்கிராக்கர் மீது. வெகுநேரம் யாரும் அழைக்காமல் இருந்தால் அடுத்த முதல் அழைப்பு தாமதமாகும். ஓர் அழைப்பு 15 நிமிடத்துக்குமேல் ஓட முடியாது. அந்தத் தாமதம் ஏன் என்று மெய்நிகர் இயந்திரம் படித்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஆய்வகத்தில் இதற்கு ஒரு பணி வைத்திருக்கிறேன். படங்களைச் சிறிதாக்கும் ஒரே நிரலை ஃபங்ஷனாகவும், சிறிய இயந்திரத்திலும் ஓட்ட வேண்டும். நாளுக்குப் பத்து படம் என்றால் ஃபங்ஷனுக்கான கட்டணம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், இயந்திரம் சும்மா இருந்தே காசு தின்னும். படங்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தைக் கணக்கிட்டு, பிறகு ஓட்டிப் பார்த்து, இரண்டையும் ஒரே தாளில் வரைய வேண்டும். உங்கள் கல்லூரியில் இந்தப் பணி இல்லையென்றால் நீங்களே செய்து பேராசிரியரிடம் கொடுங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், வட்டையும் சேர்த்து.